குளியலறைச் சுவிச்சுகள் குறித்து மருமகனுக்கு

கல்முனைக்குடி

கண்ணியத்துக்கும் பேரன்புக்கும் உரிய மருமகன் ஸஜாத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹ். பெருநாளன்று மகள் பஸ்மினாவின் தொலைபேசி வழியாக நீங்கள் சொல்லியனுப்பிய ஸலாமுக்கு இன்றுதான் என் கையால் பதில் எழுதுகிறேன். இந்தத் தாமதத்தைத் தாங்கள் பெருமனதுடன் பொறுத்தருள வேண்டும்.

நமக்குள் கடிதம் புதிது. நீங்கள் இவ்வீட்டில் இருந்த நாட்களில் சோற்றைப் பரிமாறச் செய்துவிட்டு நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கறியில் உப்புப் போதுமா என்பதைக்கூட மகள் வாயால்தான் கேட்டறிந்தேன். மாமியும் மருமகனும் நேரே கதைப்பது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. ஆயினும் இம்முறை மகள் வழியாகச் சொல்ல இயலாத செய்தி ஒன்று உண்டு. அதனால் விடுமுறை முடிந்து நாளை உங்கள் தோஹாவுக்கே திரும்பும் ஜெஸீம் தம்பியின் கையில் இதை ஒப்படைக்கிறேன்.

முதலில் நலச்செய்தி. பஸ்மினாவும் வயிற்றுப் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். மருத்துவர் பார்த்து, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார். வழமையான நாளில் அல்லாமல் அவசரமாக அவரிடம் ஏன் போனோம் என்பதே இக்கடிதத்தின் காரணம்.

சென்ற வெள்ளி சுபஹுத் தொழுகைக்காக வுழூச் செய்தவள், ஈரக் கையோடு பின்பக்கத்துத் தண்ணீர் மோட்டர் சுவிச்சைத் தொட்டாள். கரண்ட் அடித்தது. சுவரோடு சாய்ந்துகொண்டதால் நிலத்தில் விழவில்லை. நான் ஓடிப்போனபோது கையை உதறிக்கொண்டு, "ஒண்டுமில்ல உம்மா, அவர்ட்டச் சொல்லிராதீங்க, அங்க தனிய இரிக்கிற மனிசன்" என்றாள். ஆணையிட்டும் கேட்டாள். நான் ஓம் என்று சொல்லவில்லை.

அவள் தொட்டது நீங்கள் அனுப்பிய கண்ணாடிச் சுவிச்சுகளில் ஒன்று. அவற்றைப் பார்க்க இத்தெருப் பெண்கள் அனைவரும் வந்தார்கள். விரலை வைத்தால் நீல வெளிச்சம் பூக்கிறது. உங்கள் கண்ணின் தேர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அவை குளிரூட்டிய அறைகளுக்குப் பிறந்தவை. இங்கே மாரி தொடங்கினால் குளியலறைச் சுவரே வியர்க்கிறது. உப்புக் காற்று ஆணியைத் தின்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். உங்கள் மர்ஹூம் மாமாவின் இரும்புச் சாமான், மின்சாமான் கடையைப் பொறுப்பேற்ற பிறகு, அங்குள்ள பெட்டிகளின் ஓரத்தில் அச்சிட்டிருப்பவற்றை அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தே இத்தொழிலைக் கற்றேன். ஐ.பி. என்று போட்டு இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. உங்கள் பெட்டியில் இரண்டாவது இலக்கம் பூச்சியம். அதாவது, தண்ணீரைப் பற்றி அந்தப் பெட்டி எந்த வாக்குறுதியும் தரவில்லை. கிணற்றடிக்கு என்று கேட்டு வந்த எவருக்கும் நான் உள்ளறைச் சுவிச்சை விற்றதில்லை. என் மகளின் கிணற்றடியில் அது இருக்கிறது.

அடுத்ததை எழுதக் கை தயங்குகிறது. மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து நிறுத்துகிற ட்ரிப் சுவிச், மழைக்கு அடிக்கடி விழுந்து வீடு முழுவதும் இருண்டபோது, அதைத் தவிர்த்து வயரை நேரே இணைக்கும்படி வயரிங் வேலை செய்யும் முத்தலிப் பாஸிடம் நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்களாம். "மாப்புள சொல்லிரிக்கார் ராத்தா, நான் என்ன செய்ற?" என்கிறார் அவர். நிறைமாதத்தை நெருங்குகிறவள் இருட்டில் தடுக்கி விழுவாளோ என்ற அச்சத்தில் சொன்னீர்கள் என்பதை நான் அறிவேன். அந்த அச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் அது பழுதாகி விழவில்லை. ஈரச் சுவிச்சில் கசிவதைக் கண்டே விழுந்தது. சாதாரண பிரேக்கர் வயரைக் காக்கும். ஆளைக் காப்பது ட்ரிப் சுவிச் மட்டுமே.

என் யோசனையைச் சமர்ப்பிக்கிறேன். ட்ரிப் சுவிச்சைத் திரும்ப இணைப்போம். கிணற்றடிக்கும் குளியலறைக்கும் தனியாக இன்னொன்று, முப்பது மில்லி அம்பியர் கசிந்தாலே விழுவது, போடுவோம். பின்பக்கம் விழுந்தாலும் மண்டபத்தில் வெளிச்சம் இருக்கும். குளியலறைச் சுவிச் கதவுக்கு வெளியே, காய்ந்த சுவருக்குப் போகட்டும். மோட்டருக்கு இரண்டாவது இலக்கம் ஆறாக உள்ள மூடிப் பெட்டி. வயர் அதற்குள் கீழிருந்து ஏற வேண்டும், மேலிருந்து இறங்கினால் மழைநீரும் கூடவே இறங்கும். உங்கள் கண்ணாடிச் சுவிச்சுகளை முன்மண்டபத்தில் பொருத்துவோம். அவை விருந்தினர் பார்க்க வேண்டிய பொருட்கள். கிணற்றடியில் யார் பார்க்கிறார்கள்?

கழற்றும் வேலைக்கு நான் பாஸைக் கூப்பிட்டேன். பஸ்மினா கதவில் குறுக்கே நின்றுவிட்டாள். "அவர் சொன்னாத்தான் கழட்டலாம். ஆசையா அனுப்பின சாமான், மனசு நொந்திரும்" என்றாள். அடுத்த வீட்டு ஹாஜறா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன நதீரா, மருமகனோட கரண்டுலயா சண்ட?" என்று சிரித்தாள். மாப்பிள்ளையின் பொருளை மாமி அகற்றினாள் என்ற பேச்சை நான் தாங்குவேன். உங்கள் சொல் இல்லாமல் என் மகள் தாங்கமாட்டாள்.

ஆகவே பின்பக்க மின்சாரத்தை நிறுத்தி, மெயின் பெட்டியைப் பூட்டித் திறப்பை என் முந்தானையில் முடிந்திருக்கிறேன். மோட்டர் வைத்தபின் எங்கள் கிணற்றில் கப்பியும் கயிறும் இல்லை. ஹாஜறாவின் கிணற்றிலிருந்து நான் தண்ணீர் சுமப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மகள் அந்தத் திறப்பைக் கேட்டு என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். நேற்று நான் குளிக்கப் போன நேரத்தில் தலையணைக்கு அடியிலும் தேடியிருக்கிறாள். எத்தனை நாள் காப்பேன் என்று தெரியவில்லை.

மறைத்ததற்காக அவளைக் கோபிக்காதீர்கள். சென்ற மாதம் உங்களுக்கு வந்த காய்ச்சலை நீங்கள் அவளிடம் மறைத்ததும் இதே வகையானதுதான். ஜெஸீம் சொல்லி நான் அறிந்தேன், அவளிடம் சொல்லவில்லை.

அல்லாஹ் உங்களை அந்நிய மண்ணில் பாதுகாத்து, பிள்ளையின் காதில் நீங்களே பாங்கு சொல்லும் பாக்கியத்தைத் தருவானாக. அப்பிள்ளையை முதன்முதலில் குளிப்பாட்டப் போவது அந்தக் குளியலறையில்தான்.

கடையின் தொலைபேசிக்கு அழையுங்கள். மகளிடம் கொடுக்கமாட்டேன், நானே எடுத்துக் கதைப்பேன். கடிதம் கிடைத்தவுடன் பதில் தாருங்கள்.

இவ்வண்ணம்,
உங்கள் மாமி
நதீரா