வாசலில் நின்றுபோன வெற்றி ஊர்வலம்

தின்கன்ஜூன், ரங்கூன்
பிப்ரவரி 1960

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் தூய்மைக் கட்சி ஜெயித்ததற்கு வாழ்த்துகள். ஆளுங்கட்சி தூய்மை, நிலையான என்று இரண்டாக உடைந்தபோது நானும் எங்கள் அப்பாவும் நிலையான கட்சிப் பக்கம் நின்றோம். அதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டாதாங்கில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். போகட்டும்.

நேற்று உங்கள் ஊர்வல லாரி சரியாக நம் வாசலில் நின்றுபோனது. கொடியோடு மேலே நின்ற நீங்கள், எங்களைத் தெரியாதவர்போல் வானத்தைப் பார்த்தீர்கள். உங்கள் ஆட்கள் தள்ளியும் வண்டி நகரவில்லை. எங்கள் அப்பாதான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள இறங்கினார்.

"நல்லாத் தள்ளுங்கப்பா, மாப்பிள்ளை ராஜ்யம் ஆளப் போகணும்!"

தெருவே சிரித்தது.

நீங்கள் கீழே இறங்கியதும் நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்கம்மா, நம்ம கட்சியை மறந்துடாதீங்க" என்றீர்கள். பாப்பா "அப்பா!" என்று கூப்பிட்ட பிறகுதான் உங்கள் கொடி தாழ்ந்தது. ஆனாலும் லாரி கிளம்பியதும் ஏறிப் போய்விட்டீர்கள்.

எப்போது வருவீர்கள் என்று பாப்பா கேட்கிறாள். அப்பாவும் கேட்கிறார். நான் கேட்கவில்லை.

ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் மீன் குழம்பு வைக்கிறேன். கட்சிக்காரர் யாருக்கும் சாப்பாடு கிடையாது. வீட்டுக்காரருக்கு மட்டும் உண்டு.

இப்படிக்கு,
டெபாசிட் இழந்த எதிர்க்கட்சி