மூன்றாம் படத்துக் காதுகள்

லெம்விக் பக்கம்,
பிப்ரவரி, ஞாயிறு காலை

அன்பு மகள் டிட்டேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். கடற்காற்று கோழிக்கூண்டின் கூரையைப் பிடுங்கி ஹோல்கரின் வயலில் போட்டுவிட்டது. கோழிகள் எங்களைவிட நிதானமாக இருக்கின்றன.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா வழியாக வந்தால் கைகால் முளைத்து வரும்.

நேற்று ஹோல்கரும் ரூத்தும் காப்பிக்கு வந்திருந்தார்கள். கூரை போன கூண்டைப் பெரிதாகக் காட்டலாம் என்று என் போனில் இருக்கிற படங்களை டிவியில் போட்டேன். எப்படிப் போடுவது என்று நீதான் கிறிஸ்துமஸுக்குச் சொல்லித் தந்தாய். எப்படி நிறுத்துவது என்று சொல்லித் தரவில்லை. கூண்டுக்கு அடுத்த படமாக, நீ குழந்தை பெற்றுக்கொள்வதற்காக விந்து வங்கிப் பட்டியலிலிருந்து பொறுக்கி அனுப்பிய மூன்று கொடையாளர்களில் மூன்றாமவரின் சிறுவயதுப் படம் சுவர் அகலத்துக்கு வந்து நின்றது. இரண்டு வயதுப் பையன், கையில் கரண்டி, இடுப்பில் ஒன்றுமில்லை.

ரூத் கேக் துண்டைப் பாதியில் நிறுத்தி, "அடடே, யாரு இந்தக் குட்டி?" என்றாள். உன் விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று அம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். என் வாயில் வந்தது, "நான்தான்."

"அந்தக் காலத்துல உங்க வீட்டுல கலர் போட்டோ எடுத்தாங்களா?" என்று ரூத் விடவில்லை. கையால் சாயம் பூசின படம் என்றேன். அதற்குள் ஹோல்கர், "இதுல என்ன சந்தேகம், ரூத்? காதைப் பாரு. நம்ம எப்பேயேதான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டான். தப்பித்தேன். ஆனால் அவன் அவ்வளவு சுலபமாக நம்பியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் மாட்டுப் பண்ணைகளுக்குச் சினை ஊசி போடப் போனவன் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டிருக்கிறாய். நான் தெரிந்துவைத்திருப்பது காளைகளை மட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள். காளைப் பட்டியலில் படம் எப்படி எடுப்பார்கள் தெரியுமா? முன்கால் இரண்டையும் ஒரு மண்மேட்டில் ஏற்றி நிறுத்துவார்கள், முதுகு நேராகத் தெரியும். வால் மெலிந்திருந்தால் சவுரி வைத்துக் கட்டுவார்கள். அதனால் பண்ணைக்காரர்களிடம் எப்போதும் ஒன்றுதான் சொல்வேன். படத்தைப் பார்க்காதே, அந்தக் காளைக்குப் பிறந்த மகள்களைப் போய்ப் பார். அவை எப்படி நிற்கின்றன, எப்படி நடக்கின்றன, மனிதரைக் கண்டால் மிரள்கின்றனவா, அதுதான் காளையின் தரம்.

மனிதருக்கு அப்படிப் போய்ப் பார்க்க முடியாது என்பதால் நேற்று இரவு உட்கார்ந்து மூன்று பேருக்கும் மதிப்பெண் போட்டேன். கால் நேர்த்திக்கு ஒரு கட்டம் வரைந்தபோது அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

முதலாமவர் பல் மருத்துவம் படிக்கிறார், நாலு மொழி பேசுகிறார். மூன்று வயதில் மாலுமிச் சட்டை போட்டுக்கொண்டு, கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். ஆனாலும் ஒழுங்கான முகம். இரண்டாமவரின் குரல் பதிவு அருமை, சிரிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் காப்பி பிடிக்காதாம். அம்மா அந்த இடத்திலேயே அவரைத் தள்ளிவிட்டாள். மூன்றாமவர் ரொட்டிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே மண்ணைப் பற்றி ஏதோ படிப்பதாகக் கைப்பட எழுதியிருக்கிறார். சீக்கிரம் வந்துவிடுவார், வரவேற்பில் இருக்கிறவர்களைச் சிரிக்க வைப்பார் என்று வங்கிக்காரர்கள் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. ஆனால் மகளே, அந்தக் காது. சர்க்கரைக் கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் பிடி வைத்த மாதிரி. பிறக்கிற குழந்தையை நம் ஊர்க் காற்றில் கயிறு கட்டித்தான் வெளியே விட வேண்டியிருக்கும். என் ஓட்டு முதலாமவருக்கு.

உன்னை வேண்டியபோது எங்களுக்கு இந்தத் தலைவலி இருக்கவில்லை. படம் கிடையாது, குரல் கிடையாது. சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததில் எனக்கு வாய்ப்பு இல்லை என்று டாக்டர் சொன்னார். மாவட்டத்துப் பசுக்களுக்கெல்லாம் கன்று கொடுத்தவனுக்கு இப்படி. அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கண்ணு நீலம், உயரம் நடுத்தரம், சரி, பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான், அதற்கு ஏற்ற யாரோ ஒரு கொடையாளரை அவரே பார்த்து எடுத்துவிட்டார். உனக்கு ஏழு வயதானபோது இதைச் சொன்னோம். நீ கேட்டது ஒரே கேள்வி. "அப்ப நாளைக்கு என்னை நீச்சலுக்கு யாரு கூட்டிட்டுப் போவா?" நான்தான் என்றேன். சரி என்று தூங்கப் போய்விட்டாய்.

போன வருஷம் இரண்டு தடவை முயன்றும் கரு தங்காமல் போய், இது கடைசித் தடவை, இதற்கு மேல் உடம்பும் மனசும் தாங்காது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு அம்மா ஜன்னலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. நல்லதே நடக்கும். ரயில் ஓட்டும்போது இதையெல்லாம் நினைக்காதே, பின்னால் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆல்பத்திலிருந்து என் சின்ன வயதுப் படத்தை உருவிக்கொண்டு போயிருக்கிறாய். அடுத்த வருஷம் என் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பாட்டுக் கட்டத்தான் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் கையில் பிடித்து எழுந்து நின்று பாடுகிற பாட்டுத் தாளில் அந்தப் படத்தை அச்சடித்து என்னைக் கேலிப்பொருளாக்காதே.

உன் விருப்பம்தான் கடைசி. நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா எப்பே


லெம்விக் பக்கம்,
வியாழன்

அன்பு டிட்டே,

இது அவசரக் கடிதம். போன கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. முடியாவிட்டால் காது வருகிற பத்தியை மட்டுமாவது கிழித்துவிடு.

செவ்வாய்க்கிழமை நீ அம்மாவிடம், "அப்பாவுக்குப் பிடிக்கலன்னா விடும்மா, முதல் ஆளையே எடுத்துக்கறேன்" என்று சொன்னாயாம். போனை வைத்துவிட்டு அவள் என் கோப்பையை மேஜையிலிருந்து எடுத்துவிட்டாள். காப்பியும் போடவில்லை. ஏதோ பெரிய குற்றம் செய்திருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. கூரையைப் பற்றிப் பேச்செடுத்துப் பார்த்தேன்.

"எப்பே, வாயை மூடிட்டு இங்க வா" என்றாள். அவள் கேட்டு நீ அனுப்பியிருந்த படம் போனில் திறந்திருந்தது. இரண்டு குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று கறுப்பு வெள்ளை, ஒன்று கலர்.

"இதுல எது நீ?"

கறுப்பு வெள்ளை என்றேன்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"அது கறுப்பு வெள்ளையா இருக்கு."

"கலரை மறந்துட்டுப் பாரு."

பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே காது. மகளே, சொந்த முகத்தைச் சின்ன வயதில் யார் பார்த்திருக்கிறார்கள்? எனக்கு என் முகம் என்றால் சவரக் கண்ணாடியில் வருகிற கிழவன்தான். பள்ளியில் என்னைச் சர்க்கரைக் கிண்ணம் என்று கூப்பிட்டதுகூட அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருபது வயதில் முடியை வளர்த்து மூடினேன், முடி போனதும் தொப்பி போட்டேன், அதோடு மறந்தும் போனேன். என் முகம் ஹோல்கருக்குத் தெரிந்திருக்கிறது, ரூத்துக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அம்மா சொன்னாள்: "பொண்ணு கிறிஸ்துமஸ்லேருந்து உன் படத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தனாப் பாத்திருக்கா. நூத்துக்கணக்குல பாத்து இவனைக் கண்டுபிடிச்சிருக்கா. நீ என்னடான்னா கயிறு கட்டி விடணும்ங்கற."

நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு கூண்டுக் கூரையை அடிக்கப் போனேன். ஆணியைத் தவிர எல்லாவற்றையும் அடித்தேன், கட்டைவிரல் உட்பட. அதனால்தான் கையெழுத்து இப்படி இருக்கிறது.

அப்புறம் உனக்குப் போன் செய்தேன் அல்லவா? எவ்வளவோ சொல்ல வேண்டும் என்றுதான் எடுத்தேன். "மூணாமத்தவருக்குக் கையெழுத்து நல்லா இருக்கு" என்று மட்டும் வந்தது. நீ "சரிப்பா" என்றாய். பிறகு நீ கோழிகளைப் பற்றிக் கேட்டாய். நல்ல பெண்.

எனவே எழுத்தில் சொல்கிறேன். மூன்றாமவரையே எடு. காரணங்கள் இருக்கின்றன. ரொட்டி சுடத் தெரிந்தவன் எங்கேயும் பட்டினி கிடக்க மாட்டான். நேரத்துக்கு முன்னால் வருகிற ஆள், ரயில்காரிக்கு அது முக்கியம். காது பெரிதாக இருந்தால் அம்மா கூப்பிடுவது நன்றாகக் கேட்கும். தொப்பி கண்ணுக்குக் கீழே இறங்காது, இது என் சொந்த அனுபவம்.

இன்றே வங்கிக்காரர்களுக்குச் சொல்லிவிடு. ஒரு கொடையாளரை இந்த நாட்டில் இத்தனை குடும்பங்களுக்குத்தான் தரலாம் என்ற வரம்பு அவருக்கு நிரம்பப்போகிறது, விந்து அடைத்த குழல் ஒன்றே ஒன்றுதான் மீதி என்று சொன்னாயே. நான் வாயைத் திறந்ததால் அது வேறு யாருக்காவது போய்விட்டது என்றால், அம்மா என்னைக் கோழிகளோடு குடிவைத்துவிடுவாள். அதைவிடப் பெரிய விஷயம், நானே போய்விடுவேன்.

பதில் எழுது. ஒரு வரி போதும்.

அப்பா


லெம்விக் பக்கம்,
டிசம்பர், சனிக்கிழமை

அன்பு டிட்டேவுக்கும், இன்னும் பெயர் வைக்காத சின்னவளுக்கும்,

நேற்று இரவு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். வண்டி வழியில் ரொம்ப நேரம் நின்றது. என் மகள் ஓட்டியிருந்தால் நின்றிருக்காது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். பிறகு நேற்றுப் பிறந்த பேத்தியைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவர் வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

இப்போது ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஏப்ரலில் நீ அழுதுகொண்டே போன் செய்து, இந்தத் தடவை கரு தங்கிவிட்டது என்று சொன்னாயே, யாருக்கும் சொல்லாதே என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். நானும் யாருக்கும் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கெல்லாம் ஏற்றுகிற கொடியைத் தோட்டத்துக் கம்பத்தில் ஏற்றினேன், அவ்வளவே. கை தானாக ஏற்றிவிட்டது. அரைமணி நேரத்தில் ஹோல்கர் டிராக்டரை நிறுத்தி, "யாருக்குப் பொறந்தநாள்?" என்றான். கோழிக்கூண்டுக்குப் புதுக் கூரை போட்ட கொண்டாட்டம் என்றேன். அவன் என்னையும் பார்த்தான், கொடியையும் பார்த்தான். "வயசாயிடுச்சு எப்பே உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். ரூத் அன்று சாயங்காலமே எனக்கு ஞாபகமறதி வந்துவிட்டதா என்று அம்மாவை விசாரித்தாளாம். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என்னிடம் மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். எல்லாம் சின்னவளுக்காகப் பட்டது.

இன்று அந்தக் கணக்கு தீர்ந்தது. விடிந்தும் விடியாமலும் கொடியை உச்சிவரை ஏற்றினேன். காற்று அதை விறைப்பாகப் பிடித்துக்கொண்டது, இஸ்திரி போட்ட மாதிரி. ஹோல்கரும் ரூத்தும் தாமாகவே வந்துவிட்டார்கள். இந்தத் தடவை நான் நடுங்காமல் டிவியில் படத்தைப் போட்டேன். சின்னவள் துண்டில் சுற்றிக் கிடக்கிறாள், தொப்பி நழுவியிருக்கிறது, இரண்டு காதும் வெளியே நிற்கின்றன.

ஹோல்கர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எப்பே, இதுவும் நீதானா?" என்றான்.

"இல்ல. என் பேத்தி."

ரூத் கைக்குட்டையை எடுத்தாள். ஹோல்கர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, "பாவம், காது உன்னோடது. ஆனா நல்லாத்தான் இருக்கா" என்றான். அவன் என் வீட்டில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மா கேக்கைப் பெரிய பெரிய துண்டாக வெட்டினாள். நாலு பேரும் எழுந்து நின்று மூன்று முறை வாழ்த்துக் கூவினோம். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தியிருக்கும். மூன்றரைக்கே இருட்டுகிற காலம், இருட்டிய பிறகு கொடி பறக்கக் கூடாது. இல்லாவிட்டால் இன்னும் பறந்துகொண்டிருக்கும்.

உனக்கு ஒரு வார்த்தை. தூக்கம் கிடைக்கிறபோது தூங்கு. பால் சுரக்கவில்லை என்று பயப்படாதே, முதல் நாட்களில் அப்படித்தான் இருக்கும். இதை மாடுகளை வைத்துச் சொல்லவில்லை, அம்மா சொல்லச் சொன்னாள். அடுத்த வாரம் அவள் வந்து உன்னோடு ஒரு மாதம் இருப்பாள். நான் கோழிகளோடு இருப்பேன். மார்ச்சில் என் எழுபதுக்கு நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும். பாட்டுத் தாளில் அந்தப் படத்தைத் தாராளமாக அச்சடி. பக்கத்தில் இவள் படத்தையும் போடு. இந்தத் தடவை நானே முதலில் எழுந்து நின்று பாடுகிறேன்.

காளையின் தரத்தை மகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். நேற்று நீ களைத்துப்போன முகத்தோடு, கலைந்த தலையோடு, அவளை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் காளையே இல்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்தவன். ஆனாலும் மகளை வைத்து மதிப்புப் போடுகிற கணக்கில் இந்த மாவட்டத்திலேயே முதல் பரிசு எனக்குத்தான். யாரும் மறுத்துப் பேச முடியாது.

நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அவளுக்கு உன் பிடிவாதம் வரட்டும். எதையும் தேடி எடுக்கிற உன் கண் வரட்டும்.

நேற்று அவளை என் கையில் கொடுத்துவிட்டு, "எப்படிப்பா இருக்கா?" என்று கேட்டாய். "மோசமில்ல" என்றேன். நம் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை என்று உனக்குத் தெரியும், அதனால் சிரித்தாய். அப்போது என் விரல் அவள் காதின் மேல் இருந்தது. பஞ்சு மாதிரி மடங்கியது, விட்டதும் வெளியே வந்து நின்றது. நர்ஸ் வந்ததும் அவள் தொப்பியை இழுத்துச் சரிசெய்தேன்.

என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்த அந்தக் காது என்னோடு முடிந்துவிடும் என்றுதான், மகளே, இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா எப்பே