மேல் நிரையில் நீ இருந்தவரை

நாளைக் காலை ஈப்போவுக்குப் போகிறேன். நீ சொன்ன அதே ஆஸ்பத்திரிக்குத்தான். பை கட்டும்போது ஆஸ்பத்திரிக் குளிருக்கு ஆகுமே என்று உன் கம்பளிச் சட்டையை எடுத்து உதறினேன். குப்பென்று தைல வாசம். தலைவலி, வயிற்றுவலி, மகள் போன் பண்ணாத வருத்தம், எல்லாவற்றுக்கும் நீ தேய்த்துக்கொண்ட தைலம். உன் மகள் சிங்கப்பூருக்குத் திரும்பும்போது, "நீங்களே வெச்சுக்குங்க பெரிம்மா" என்று கொடுத்துவிட்டுப் போன சட்டை அது. நீ போன பிறகு எத்தனையோ தடவை அதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

ஆமாம், நீ ஜெயித்துவிட்டாய். வால்வை மாற்றிக்கொள்ளப்போகிறேன்.

ஈப்போவில் முதன்முதலாக அந்தச் சீனத்து டாக்டரம்மா ஸ்கேன் படம் பார்த்துவிட்டுச் சொன்னபோது, கூட்டாளி என்று எனக்கு நீதான் பக்கத்தில் இருந்தாய். இருதயத்தில் ஒரு வால்வு நன்றாகச் சுருங்கிவிட்டது, தள்ளிப்போடாமல் மாற்றிவிடுவது நல்லது என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நீ விடவில்லை.

"செஞ்சிருடி. டாக்டர் சொல்றத கேளுலா."

"நெஞ்ச பொளந்து போடுவாங்களே, நீயா படுத்துக்கப்போற?"

"படுத்துக்குவேன். எனக்கு ஒண்ணுமில்லையே, என்ன பண்றது?"

உன் உடம்பைப் பற்றி உனக்கு அவ்வளவு திமிர். பிரஷர் பார்க்கக் கூப்பிட்டால்கூட வரமாட்டாய்.

என் பயத்துக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்காதா என்றுதான் கோலாலம்பூரில் இன்னொரு டாக்டரிடம் போனோம். நம்மாள், தமிழிலேயே பேசினார். அதே படத்தைப் பார்த்தார். வால்வு சுருங்கியிருப்பது உண்மைதான், ஆனால் உங்களுக்குத் தொந்தரவு எதுவும் தெரியாதபோது அவசரம் வேண்டாம், அடிக்கடி வந்து காட்டுங்கள், மூச்சு வாங்க ஆரம்பித்தால் உடனே செய்துவிடலாம் என்றார். பிறகு கேட்டார்: "தேயிலை மலையில வேல செய்றீங்க. ஏறும்போது மூச்சு வாங்குதா?"

இல்லை என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆபரேஷன் செய் என்று என்னை அரித்தெடுத்த நீயும் சிரித்துவிட்டாய்.

"இவளுக்கா? என்னைவிட அதிகமா கொழுந்து வெட்டுவா டாக்டர்."

அந்த ஒரு பேச்சில் முடிவாகிவிட்டது. தீபாவளி போகட்டும், பார்க்கலாம் என்று திரும்பி வந்தோம். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. நீ மட்டும் தாப்பாவில் பஸ் மாறும்போது, "ரெண்டு பேரும் படிச்சவங்க, ரெண்டு விதமா சொல்றாங்க, யாரத்தான் நம்புறது?" என்று முணுமுணுத்தாய்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங்கில் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாய். மூளையில் நரம்பு வெடித்துவிட்டதாம். செய்தி சொன்ன தோட்டத்துக் கங்காணியிடம், "தப்பா சொல்றீங்க, எனக்குத்தான் நோய், அவளுக்கு ஒண்ணும் இல்ல" என்று சண்டை பிடித்தேன். உன்னைக் கொண்டுவந்து லைன் வீட்டு வாசலில் கிடத்திய பிறகும், ஆள் மாறிவிட்டது என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், கங்காணி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, ஆள் கெடைக்கிறவரைக்கும் அவங்க வெட்டுன மேல் நிரையையும் நீங்களே பாத்துக்குங்க."

சரி என்று கத்தரியை எடுத்துக்கொண்டு ஏறினேன். பாதிச் சரிவுகூடத் தாண்டவில்லை. மூச்சு அடைத்தது. நெஞ்சில் யாரோ கால் வைத்து மிதிப்பது போலிருந்தது. கண் இருட்டித் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தேன். துக்கம் என்று நினைத்தேன். அழுது தீர்ந்தால் போய்விடும் என்று நினைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் உட்கார்ந்தேன். அதற்கும் மறுநாள் உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணாந்து பார்த்தேன். நான் கடைசியாக அந்த மேட்டில் ஏறியது எப்போது?

ஞாபகமே வரவில்லை. லோரி நம்மைக் கீழ் ரோட்டில் இறக்கிவிடும். மேலே போனால்தான் போனில் லைன் கிடைக்கும், உன் மகள் பத்து மணிக்குக் கூப்பிடுவாள். "மேல் நிரை எனக்கு, கீழ் நிரை உனக்கு" என்று நீ விறுவிறுவென்று ஏறிவிடுவாய். வருஷக்கணக்கில் இப்படித்தான் நடந்தது. இறங்கி வரும்போது என் மூட்டையையும் லோரிவரை தூக்கிக்கொண்டு போவாய். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மலையில் வேலை செய்தேனே தவிர, மலை ஏறவே இல்லை.

தனியாகத்தான் ஈப்போவுக்குப் போனேன். எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று டாக்டரம்மா கேட்டார்.

"கூட்டாளி செத்ததிலேர்ந்து" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.

துக்கத்தில் அப்படித் தோன்றும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை டாக்டர், முன்னாலேயே இருந்திருக்கும், எனக்கும் சேர்த்து அவள்தான் ஏறிக்கொண்டிருந்தாள் என்றேன். நிரை, லோரி, போன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் என் பழைய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, இனிமேல் காத்திருக்கவே கூடாது, வேலைக்கும் போகக் கூடாது என்றார். கோலாலம்பூர் டாக்டரும் விவரம் கேட்டுவிட்டுப் போனிலேயே அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் ஒரே பேச்சுக்கு வந்துவிட்டார்கள். அதைக் கேட்கத்தான் நீ இல்லை.

நீ இருந்திருந்தால் இன்றைக்கும் மேலே ஏறிக்கொண்டிருப்பாய். எந்த டாக்டர் கேட்டாலும் நான் இல்லை என்றே சொல்லியிருப்பேன், நீயும் பக்கத்திலிருந்து சிரித்திருப்பாய். ஒரு நாள் கீழ் நிரையிலேயே என் கதை முடிந்திருக்கும். நீ போனதால்தான் எனக்குத் தெரிந்தது. இந்த உயிரை இப்படியா எனக்குக் கொடுக்க வேண்டும்?

சற்று முன் உன் மகள் கூப்பிட்டாள். ஆபரேஷனுக்கு லீவு போட்டுவிட்டு வருகிறாளாம். பேச்சை முடிக்கும்போது, "அம்மா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க பெரிம்மா" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வேன் அவளிடம்?