பின்கண்ணாடி வைப்பரும் என் கண்களும்

சுங்கை பட்டாணி
அக்டோபர் 9

அன்புள்ள மகன் சிவநேசனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், என் இரண்டு கண்களும் நலமாக இருக்கின்றன. நீயும் லக்ஷ்மியும் குழந்தையும் டப்ளின் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கண்களைத் தனியாக ஏன் சொல்கிறேன் என்றால், உன் அத்தை மகள் ஷீலா குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டதை நானும் படித்தேன். நான் அந்தக் குழுவில் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. "அத்தைக்குக் கண்ணு சுத்தமா தெரியல, பிரேக்குக்குப் பதிலா எண்ணெ பெடல அமுக்கி காளிதாசன இடிச்சிட்டாங்க, இனிமே காடிய அவங்க கையில விடக்கூடாது" என்று எழுதியிருந்தாள். நான் அமுக்கியது பிரேக்தான், அதனால்தான் கார் நின்றது. இடிபட்டது காளிதாசன் இல்லை, அவனுடைய மோட்டார் சைக்கிள். கண்ணைப் பற்றி அவள் சொன்னதும் தவறுதான், ஆனால் அது தவறு என்று எனக்கே பதினேழு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, முதலில் பார்த்ததை எழுது, பிறகு நினைத்ததை எழுது என்பது. அப்படியே எழுதுகிறேன். அப்பா ஆஸ்பத்திரி டிரஸராக இருந்த தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய சிகப்பியை வாரத்தில் மூன்று நாள் மெர்போக்கில் போய் ஏற்றிக்கொண்டு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன் என்பது உனக்குத் தெரியும். அப்பா போன பிறகு நாற்பது நாள் தன் வீட்டைப் போட்டுவிட்டு என்னோடு படுத்துக்கொண்டவள் அவள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு, நல்ல மழையில், அவளை வீட்டில் இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுத்தேன். பின்வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் யாரும் தெரியவில்லை, மங்கலாகச் செம்பனை மரங்கள் மட்டும் தெரிந்தன. சத்தம் கேட்டு நிறுத்தி இறங்கினால், சிகப்பியின் மகன் காளிதாசன், ஃபேக்டரி வேலை முடிந்து வந்து பின்னால் நின்றவன், மோட்டாரை விட்டுக் குதித்து ஓரத்தில் நிற்கிறான், மோட்டார் தரையில் கிடக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு, "விடுங்க பெரியம்மா, மோட்டார்தான விழுந்துச்சு, நான் விழலையே, அது பழசுலா, விழுந்து விழுந்து அதுக்குப் பழக்கம்" என்று சிரித்தான். நல்ல பிள்ளை. ஆனால் ஒரு நிமிடத்துக்கு முன்பு அவன் இடது கால் இருந்த இடத்தில் என் பம்பர் இருந்ததை நான் பார்த்தேன். அவனையே காரை ஓட்டி என்னை வீட்டில் விடச் சொன்னேன்.

அன்று மாலையே அடுத்த வீட்டுக் குணவதியிடம் சாவியைக் கொடுத்து, நானே வந்து கேட்டாலும் தராதே என்றேன். அவள் அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். யாரும் அதை என்னிடமிருந்து பிடுங்கவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்குச் சொல்லாத ஒன்றையும் இப்போது சொல்கிறேன். செப்டம்பர் மழை தொடங்கியதிலிருந்தே பின்னால் சரியாகத் தெரியாமல்தான் இருந்தது. கண் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது என் தவறு. கண் டாக்டரிடம் போனேன், இடது கண்ணில் புரை இப்போதுதான் தொடங்குகிறது, அறுவை வேண்டாம், பகலில் கார் ஓட்டலாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று எழுதியே கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் அறையில் மழை பெய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். சிகப்பியிடம் கார் பட்டறையில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவள் காளிதாசனின் மோட்டாரில் போய் வந்தாள். டயாலிசிஸ் முடிந்தால் அவளுக்குத் தலை சுற்றும், அதனால் ஒரு துண்டால் அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டினானாம். "சாமி தூக்கற மாதிரி கட்டித் தூக்கிட்டுப் போறான் பிரேமா" என்று போனில் சிரித்தாள், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த வாரம்தான் உன் குரல் பதிவும் வந்தது. கார் உன் பெயரில் இருக்கிறது, ரோட்டெக்ஸ் வரி நவம்பரோடு முடிகிறது, இனிப் புதுப்பிக்கப் போவதில்லை, விற்றுவிடலாம் என்று சொல்லியிருந்தாய். மூன்று முறை கேட்டேன், ஒவ்வொரு முறையும் உன் குரலில் கோபம் கூடிக்கொண்டே வந்தது போலிருந்தது. பதில் போடாதது கோபத்தால் இல்லை. நீ சொல்வது சரி என்று நினைத்தேன். சரி, விற்றுவிடு என்று எழுதக் காகிதம் எடுத்து வைத்ததும் உண்மை.

காரை அப்படியே போட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று குணவதி இரண்டு நாளுக்கு ஒரு முறை டின்னிலிருந்து சாவியை எடுத்து வந்து எஞ்சினை ஓடவிடுவாள். பதினேழாம் நாள் அப்படி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கார் முன்பக்கம் வீட்டைப் பார்த்து, பின்பக்கம் மழையில் நனைந்துகொண்டு நின்றது. நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அவள் சும்மா பின்வைப்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன ஆண்ட்டி, பின்னாடி ஒண்ணுமே தெரியல, எப்படி ஓட்டறீங்க" என்றாள். குணவதிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, ரவிக்கை தைக்கிறவள், கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்ப்பாள். நான் உடனே குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நான் காருக்குப் பின்னால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்கிறேன், என்னைக் காணவில்லை என்றால் ஹார்ன் அடி, மறுபடி தெரிந்தால் மறுபடி அடி என்றேன். அவள் ஹார்ன் அடித்த இடங்களில் இடத்துக்கு ஒன்றாக இரண்டு பூந்தொட்டிகளை நகர்த்தி வைத்தேன். எதிர்வீட்டுப் பரஞ்சோதி வெளியே வந்து, "மழையில என்னக்கா, லைசென்ஸ் டெஸ்டா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன், குணவதி தொட்டிகளைத் தாண்டி நடந்தாள். முதல் தொட்டியில் அவள் மறைந்தாள், இரண்டாவது தொட்டியில் திரும்பத் தெரிந்தாள். அவளுக்கு நான் எங்கே காணாமல் போனேனோ, எனக்கும் அவள் அதே இடத்தில்தான் காணாமல் போனாள். பதினேழு நாளாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. குணவதி ஜன்னலில் குனிந்து, "எதுக்கு ஆண்ட்டி சிரிக்கிறீங்க, நான் முழுக்க நனைஞ்சிட்டேன்" என்றாள்.

மறுநாள் காலையில் டேப்பை வைத்து அளந்தேன். கார் புத்தகத்தில் பின்வைப்பர் பதினான்கு அங்குலம் என்று இருக்கிறது, மாட்டியிருந்தது பத்து. கண்ணாடியின் நடுவில் விசிறி அளவுக்குத்தான் துடைத்தது, இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். குணவதியை ஓட்டச் சொல்லி புக்கிட் செலம்பாவ் போய்ப் பழனியாண்டியின் பட்டறையில் இறங்கினேன். ஜூனில் ரப்பர் கிழிந்தபோது மாற்றியவன் அவன்தான். முதலில் "எல்லாம் ஒண்ணுதான்லா அக்கா" என்றான். டேப்பைக் காட்டியதும் தலையைச் சொறிந்துகொண்டு நீ ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தான். போன தைப்பூசத்துக்கு வந்தபோது, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வேலும் மயிலும் போட்ட பெரிய ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டினாயே, அது. நீள வைப்பர் ஓடியபோது அதன் நுனி மயில் மேல் போய்த் தேய்த்ததாம். "முருகன் மேல வைப்பர் அடிக்கலாமாக்கா, பாவம்லா. வேற காடியில கழட்டின சின்னது ஒண்ணு கிடந்துச்சு, அத மாட்டிட்டேன்" என்றான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "சொன்னா நீங்க சாமிய எடுன்னு சொல்லுவீங்க, அந்தப் பாவம் எனக்கு எதுக்கு" என்கிறான். காளிதாசனுக்குக் கால் போயிருந்தால் அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டேன். உள்ளே போய்ப் புது வைப்பர் ஒன்றை எடுத்து வந்தான். அதற்கு மேல் நானும் திட்டவில்லை, கெட்ட எண்ணத்தில் செய்தவன் இல்லை. ஆனால் ஸ்டிக்கரை எடுக்கச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டான். வெந்நீரில் துண்டை நனைத்து ஒற்றி ஒற்றி நானே உரித்தேன். அவன், கையிலேயே வைத்திருந்த புது வைப்பரைத் தேடுகிறேன் என்று பின்பக்கம் போய்விட்டான். வேல் முழுசாக வந்தது, மயில் வாலில் கொஞ்சம் கிழிந்தது. அட்டையில் ஒட்டிச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் எடுத்ததற்கு வருத்தம்தான், ஆனால் தேவைப்பட்டால் மறுபடியும் எடுப்பேன்.

இப்போது பதினான்கு அங்குலம் மாட்டியாயிற்று, இரண்டு ஓரங்களிலும் ஒரு விரல் அகலம்தான் மீதி. பட்டறையிலேயே குழாயைப் பிடித்துக் கண்ணாடியில் தண்ணீர் அடிக்கச் சொல்லி, குணவதியை மறுபடியும் நடக்க வைத்தேன். எங்கேயும் மறையவில்லை. கடைசியில் நாக்கை நீட்டினாய் என்று சொன்னதும் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை சிகப்பியைக் கூட்டிப்போய் வந்தேன். அன்றும் மழை. காளிதாசன் மோட்டாரை வாசற்படி ஏற்றி வீட்டுக்குள் வைத்திருந்தான், "பெரியம்மா வராங்கன்னு அதுதான் முதல்ல உள்ள ஓடுச்சு" என்றான். அதை வெளியே கொண்டுவந்து என் பின்னாலேயே நிறுத்து, நீ மட்டும் தள்ளி நில் என்றேன். ரிவர்ஸ் எடுத்து நாலடி தூரத்தில் நிறுத்தினேன், முன்விளக்கில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது. சிகப்பி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பெங்கெல்ல காடிய நல்லாவே பாத்துட்டாங்க போல பிரேமா" என்றாள். கார் பட்டறையில் என்று நான் சொன்ன பொய் அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

இனி நீ சொல்ல வேண்டியது. இருட்டிய பிறகு நான் ஓட்டுவதில்லை, ஹைவேயில் ஏறுவதில்லை, அதில் மாற்றமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் டாக்டர் எழுதிக் கொடுப்பதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன், இந்த முறை கொடுத்ததன் நகல் இதோடு இருக்கிறது. அவர் வேண்டாம் என்று எழுதும் நாளில் சாவியை நானே கொடுத்துவிடுவேன். கொடுக்க முடியும் என்று எனக்கு இப்போது தெரியும், பதினேழு நாள் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அதுவரை ரோட்டெக்ஸைப் புதுப்பித்துக் கொடு.

லக்ஷ்மியை இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடச் சொல். குழந்தைக்குக் காதை மூடும் தொப்பி போடாமல் வெளியே எடுத்துப்போகாதே. உன் கார் வைப்பரையும் ஒரு முறை நீயே அளந்து பார், கடைக்காரன் சொன்னதை நம்பிவிடாதே. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நிறைவாக வாழ அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

கார் இருக்குமா இருக்காதா என்று தெரிந்தால்தான் சிகப்பிக்கு டிசம்பருக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டுமா என்று நான் முடிவு செய்ய முடியும். குரல் பதிவு வேண்டாம். நவம்பர் பதினைந்துக்குள் எனக்குக் கிடைக்கும்படி உன் கையால் ஒரு கடிதம் எழுதிப் போடு.

அன்புடன்,
உன் அம்மா
பிரேமாவதி