எங்கள் வீட்டு அக்கா

ரினி அப்பாவுக்கு,

போனில் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். மெசேஜ் அனுப்பினால் உங்கள் ரூமில் நாலு பேர் படிப்பார்கள். அதனால்தான் இதை எழுதி ஆன்சன் தம்பி கையில் முசஃபாவில் உங்கள் கேம்ப்புக்குக் கொடுத்தனுப்புகிறேன். கீழே வண்டியை ஆஃப் பண்ணாமல் நிற்கிறான்.

இன்று ரினி வகுப்பில் அமெரிக்க அடிமைகளைப் பற்றிப் பாடம். தப்பி ஓடி வந்தவர்களைச் சிலர் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தார்களாம். பிடித்துக் கொடுக்கச் சட்டம் சொல்லியும் கொடுக்கவில்லையாம். உங்கள் மகள் எழுந்து, "மிஸ், எங்க வீட்லயும் ஒரு அக்கா அப்படித்தான் இருக்காங்க" என்றிருக்கிறாள்.

டீச்சர் உடனே போன் செய்துவிட்டார். சித்தி மகள், விசிட் விசாவில் வந்திருக்கிறாள் என்றேன். நம்பிய மாதிரித் தெரியவில்லை; போலீசுக்குச் சொன்னாலும் சொல்வார்.

நம்மிடம் ஒளிந்திருக்கும் ராக்கம்மாவுக்கும் புரிந்துவிட்டது. "நான் வேலை பாத்த அந்த கபீல் வீட்டுக்கே திரும்பிப் போயிர்றேன்க்கா, என்னால உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்" என்கிறாள். அந்த முதலாளி வீட்டில் காயம்பட்ட அவள் கைக்குத் தினமும் மருந்து போடுகிறவள் நான். எந்த வாயால் போகச் சொல்வேன்?

நீங்கள் வந்து கூட்டிப்போனால், திங்கட்கிழமை நம் தூதரகம் திறக்கும்வரை உங்கள் அக்கா வீட்டில் அவளை வைத்துக்கொள்ளலாம். "நமக்கு எதுக்கு வம்பு, திருப்பி விட்டுரு" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

ரினியை அடிக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "அப்பா ஒளிச்சு வச்சவங்க சைடுதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து கீழே எந்த வண்டி நின்றாலும் ஜன்னலுக்கு ஓடுகிறாள். இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள். பிள்ளையிடம் நான் பொய் சொன்னவளாகிவிடக் கூடாது.

உங்கள் மனைவி