விலை இறங்கட்டும் என்று

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த பக்கத்து வீட்டு அங்கிளுக்கு இன்று காலை வயிற்றில் பெரிய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்கு முன் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார்கள் ஆன்ட்டி. அவர்களுக்கு டிரைவிங் தெரியாது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

பாதி வழியில், ஹைவேயில், கார் நின்றுவிட்டது. கேஸ், அதாவது பெட்ரோல், சுத்தமாகத் தீர்ந்திருந்தது.

நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவே ஊரில் எங்கள் பக்கத்து கேஸ் ஸ்டேஷன்களில் விலை ஒரே நாளில் குபீரென்று ஏறும். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் தினமும் கொஞ்சம் குறைப்பார்கள். அடிமட்டத்துக்கு வந்ததும் மறுபடி ஏறும். இந்தச் சுற்றைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏகப் பெருமை. "நாளைக்கு இன்னும் இறங்கும், அப்ப ஃபுல் டேங்க் போட்டுக்கலாம்" என்று நேற்றுதான் என் மனைவியிடம் சொன்னேன். எச்சரிக்கை விளக்கு அப்போதே எரிந்துகொண்டிருந்தது.

"என்னாச்சு தம்பி?" என்றார்கள் ஆன்ட்டி.

"இன்ஜின்ல ஏதோ ப்ராப்ளம் ஆன்ட்டி."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அங்கிளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆன்ட்டி மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாலையில் அங்கிள் கண் விழித்ததும் ஆன்ட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவங்க இந்தத் தம்பி. நமக்காக லீவு போட்டுட்டு வந்து, காரும் கெட்டுப்போச்சு. ரிப்பேர் செலவ நாமதான் குடுக்கணும்" என்றார்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் வேணாம் ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னேன். அதையும் அவர்கள் என் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டார்கள்.