அன்ரோனெற் மாமியின் கட்டிலுக்குக் கீழே

இயேசு மரி சூசை துணை

தாழ்வுபாடு,
மன்னார்.
14.10.1982

அன்பு மகன் வலன்ரைனுக்கு அம்மா எழுதுவிப்பது. ஆண்டவர் கிருபையால் நீ அங்கே தலையிடி காய்ச்சல் ஒன்றுமின்றி இருக்கவேண்டும் என்று பூசையில் உன் பெயரைச் சொல்லித்தான் முழந்தாளிடுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று வழக்கமாக முதல் வரியிலேயே எழுதிவிடுவோம், இந்தமுறை அந்த வரியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன், ஏன் என்று போகப்போக விளங்கும், பயப்படாமல் வாசி. எழுதுவது எப்போதும்போல் உன் தங்கை றோஸ்மேரிதான். பத்தாம் வகுப்புக்கு வந்தபிறகு நான் சொல்வதைச் சொன்னபடி எழுதாமல் புத்தகத்தில் இருப்பதுபோலத் திருத்தித் திருத்தி எழுதுகிறாள். எழுத்து அவளுடையதாக இருந்தாலும் சொல் என்னுடையதுதான் மகன்.

இந்த வருடம் செபமாலை மாதத்தில் கோயில் பீடத்து மாதா சுருவம் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருநாள் தங்கும் என்று பங்குச் சுவாமி கோயிலில் அறிவித்தார். எங்கள் முறை பதினோராம் திகதி, வேலிக்கு அந்தப்பக்கம் அன்ரோனெற் மாமி வீட்டு முறை அதற்கு முதல்நாள். பின்னேரம் சுருவம் வந்தால் ஒழுங்கைச் சனம் முழுவதும் முன்னறைக்குள் முழந்தாளிட வேண்டும், எங்கள் முன்னறையிலோ ஒருவர் உள்ளே வருவதென்றால் மற்றவர் வெளியே போகவேண்டும் என்ற நிலைமை. கூரை முட்ட வலை, ஓட்டை விழுந்த மிதவைகள், கால் உடைந்த கதிரை இரண்டு, பாடாத றேடியோ, பிடியில்லாத குடை, அதற்குள் நான் சேர்த்து வைத்த பால்மா ரின்கள். மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "உன்ர வீட்டை நீ துப்பரவாக்கினா ஒரு சாமானும் வெளியில போகாது மார்த்தா. நான் உன்ர வீட்டை ஒதுக்கிறன், நீ என்ர வீட்டை ஒதுக்கு. வீட்டுக்காரி முத்தத்தில கதிரையில இருக்கவேணும், வாய் திறக்கலாம், கை வைக்கேலாது." எனக்கு அது நல்லதாகப் பட்டது. இரண்டு நாள் நான் முற்றத்தில் இருந்தேன், மாமியும் றோஸ்மேரியும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டக் காட்ட நான் வை என்பேன், மாமி எதற்கு என்று கேட்பார், நான் யோசிக்கமுதலே சாமான் வேலியோரம் போய்விடும். பதினெட்டு வருடத்துக் கலண்டர் வைத்திருந்தேன் மகன், எல்லாவற்றிலும் மாதா படம், அதை எப்படிக் குப்பையில் போடுவது. மாமி அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்துவிட்டு, மாதா வந்தாலும் இதில எது தானெண்டு தெரியாமத் திரும்பிப் போயிடுவா என்றார், நான் சிரித்த சிரிப்பில் கதிரையின் மற்றக் காலும் போய்விட்டது. பிறகு படங்களை எல்லாம் எரித்துச் சாம்பலை மல்லிகை அடியில் புதைத்தோம். வலையூசியும் கையுமாக மூலையில் இருந்த அப்பா, என்னையும் வெளியில வைக்கிறதெண்டா சொல்லிப்போட்டு வையுங்கோ என்றார். அவருக்கு எப்போதும் அந்தப் பகிடிதான்.

பக்கத்து அறையில் உன் கட்டிலை ஐந்து வருடத்துக்குப் பிறகு கண்ணால் கண்டோம். மேலே சாக்கு, கீழே ரின், நடுவில் உன் கட்டில். சின்னவயதில் கோயிலில் நீ முதல் நன்மை வாங்கிய சட்டையை நான் கேட்கமுதலே மாமி மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார், அதற்கு மட்டும் எதற்கு என்று கேட்கவில்லை. உன் மேசையை யன்னலோரம் போட்டு றோஸ்மேரிக்குக் கொடுத்திருக்கிறோம், நீ கோபிக்கமாட்டாய் என்று தெரியும், இவ்வளவு நாளும் அவள் குசினிப் படியில் இருந்து படித்தாள். அவள் செய்த முதல் வேலை, பிஸ்கற் ரின்னில் கிடந்த உன் கடிதங்களைத் திகதிப்படி அடுக்கியது. நாற்பத்தொரு கடிதம் மகன். அடுக்கும்போதே அவள் ஒன்றைக் கவனித்திருக்கிறாள், என்னிடம் அப்போது சொல்லவில்லை.

எங்கள் வீடு முடிந்ததும் போன வியாழக்கிழமை மாமி வீட்டுக்குப் போனோம். குசினியும் முன்னறையும் போதும், படுக்கையறையைத் தானே பார்த்துக்கொள்வதாக மாமி சொன்னார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறுவதா என்று நான் பகிடி பண்ணினேன், அவர் சிரிக்கவில்லை, சங்கக் கடைக்குப் போகவேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன் தங்கையைத் தெரியும்தானே, ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்காமல் விடமாட்டாள், தும்புத்தடியோடு மாமியின் கட்டிலுக்குக் கீழே நுழைந்துவிட்டாள். போனவள் வெகுநேரமாக வரவில்லை. பிறகு அம்மா என்று ஒரு சத்தம், மெல்லிய சத்தம். குனிந்து பார்த்தேன், மாச் சாக்கு வெட்டி, உள்ளே கருவாடு வைத்து நான் என் கையால் தைத்த மூன்று பார்சல். மூன்றிலும் வ. சிங்கராசா, குவைத் என்று இவளுடைய எழுத்து. முதலாவதில் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்து, மூன்றாவதில் போன வருடத்து எழுத்து. மாமியின் மகன் எட்வேட் லீவில் வந்து திரும்பும்போதெல்லாம் உனக்குக் கொண்டுபோய்க் கொடு தம்பி என்று நான் கொடுத்துவிட்ட அதே மூன்றும். மணத்தை வைத்துக்கூட இத்தனை நாளும் நான் சந்தேகப்படவில்லை, கருவாட்டு மணம் எங்கள் ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை.

மாமி வந்து வாசலில் எங்களையும் பார்சலையும் கண்டார். கையிலிருந்த பையைக்கூட வைக்காமல் நிலத்தில் இருந்துவிட்டார். முதல்முறை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பாரம் கூடிவிட்டதாம், எட்வேட் உன்னுடையதை எடுத்து வழியனுப்பப் போன தகப்பனிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறான். அன்றைக்கே எனக்குச் சொல்லவேண்டும் என்றுதான் மாமி நினைத்தாராம், வெட்கமாக இருந்ததாம், நாளைக்கு நாளைக்கு என்று இருக்கும்போதே உன் கடிதம் வந்துவிட்டது. கருவாடு கிடைத்தது, அறையில் எல்லோரும் விரல் சூப்பினார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, றோஸ்மேரியைக் கூட்டிக்கொண்டு வேலி தாண்டிப் போய், மாமிக்கே அதை வாசித்துக் காட்டினேன், எட்வேட்டுக்குப் புண்ணியம் என்று அவர் கையையும் பிடித்தேன். "உன்ர பிள்ளையே கிடைச்சதெண்டு எழுதினபிறகு நான் எந்த வாயால மார்த்தா சொல்லுறது" என்றார் மாமி. இரண்டாம் முறையும் அதே பாரம், மூன்றாம் முறை எட்வேட் அதை வீட்டைவிட்டே எடுக்கவில்லையாம். எறியவும் மனம் வரவில்லை, தரவும் முகம் இல்லை, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு அதற்குமேல் நான்கு வருடம் படுத்திருக்கிறார்.

நான் மூன்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வேலிப்பக்கம் திரும்பவில்லை. அப்பா விசயத்தைக் கேட்டுவிட்டு வலையைப் பார்த்தபடியே, கட்டா மீனைச் சீலா மீன் எண்டு எழுதினவன் எப்பிடித் திண்டிருப்பான், எனக்கு அப்பவே தெரியும் என்றார். உண்மைதான் மகன், சீலா அனுப்புகிறேன் என்று முதலில் எழுதினேன், அந்தக் கிழமை சீலா வலையில் படாததால் கட்டாதான் வைத்துக் கட்டினேன். நீ சீலா அருமை என்று எழுதினாய். குவைத் வெய்யிலில் உன் நாக்குச் செத்துவிட்டது என்று நான் நினைத்தேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அப்பாவோடு சண்டை பிடித்தேன், நீ சந்தோசமா இருந்தனி மார்த்தா, அதுதான் என்றார். சனிக்கிழமை காலை யோசித்தேன், நாளைக்கு மாதா அந்த வீட்டுக்கு வருகிறா, வீடு பாதி ஒதுக்கியபடி கிடக்கிறது, அந்த மனுசி தன் வீட்டுக்குள் தனியாக என்ன செய்யும். எங்கள் வீட்டை அவர் முடித்துத் தந்துவிட்டார், நான் அவருடையதைப் பாதியில் விட்டுவிட்டேன். போனேன். மாமி கதிரையில் இருக்க மாட்டேன் என்றார், சட்டம் சட்டம்தான் இரு என்று இருத்தினேன். மத்தியானம் வரை இரண்டு பேரும் வை, எறி என்ற இரண்டு சொல்லைத் தவிர ஒன்றும் பேசவில்லை. கடைசியில் கட்டிலை நகர்த்தி நான் கூட்டும்போது மாமி அழுதார், எனக்கும் கண் நின்றபாடில்லை, கருவாட்டுத் தூசிதான் என்று றோஸ்மேரி எங்கள் இருவருக்காகவும் சொன்னாள். இரண்டு வீட்டிலும் மாதா வந்து தங்கிப் போய்விட்டா. எங்கள் முன்னறையில் நாற்பது பேர் முழந்தாளிட்டார்கள். மாமியோடு கோபமாக இருக்காதே, எட்வேட்டோடும் சண்டைக்குப் போகாதே, அவனைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதானே நீயும் அப்படி எழுதியிருப்பாய், அல்லது அம்மா கவலைப்படுவா என்று. இரண்டும் உன் குணம்தான்.

ஆனால் மகன், அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. றோஸ்மேரி அப்போதுதான் தான் கவனித்ததைச் சொன்னாள். உன் நாற்பத்தொரு கடிதத்திலும் ஒரே வரி, எழுத்துப் பிசகாமல் இருக்கிறதாம், நான் நல்ல சுகம், சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்லை, வேலை லேசு. ஒரு மாதம்கூட உனக்குத் தலையிடித்ததில்லையா, ஒருநாளாவது சோறு பிடிக்காமல் போகவில்லையா, அடுத்த பாஸ்காத் திருநாளுக்கு லீவு என்று நான்கு பாஸ்கா போய்விட்டதே, அது ஏன். தின்னாத கருவாட்டை இவ்வளவு வடிவாகத் தின்ற பிள்ளை, மற்றதையும் அப்படித்தான் எழுதுகிறதோ என்று என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதைத்தான் உன்னிடம் கேட்கவேண்டும் என்று நேற்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினோம். தொடங்கி, அப்பா வழக்கம்போல் கடலுக்குப் போய்வருகிறார் என்று எழுது என்றேன். உன் தங்கை பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இதையும் கட்டிலுக்குக் கீழ வைக்கிறதோ?" என்றாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இன்றைக்குப் புதுத் தாளில் எழுதுகிறோம்.

ஆகவே முதல் வரியில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். அப்பா வைகாசியிலிருந்து கடலுக்குப் போகவில்லை. காலில் முள் குத்தியது ஆறவில்லை, சீனி வருத்தம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வலது காலில் இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். இப்போது காயம் காய்ந்துவிட்டது, தடி ஊன்றிக் கோயிலுக்குப் போகிறார், வீட்டில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலை பொத்துகிறார், முன்னறை முழுக்க வலையாக இருந்ததற்குக் காரணம் அதுதான். வள்ளத்தை மாமியின் தம்பியிடம் விட்டிருக்கிறோம், பங்கு மீன் வருகிறது, நான் காயப்போட்டு விற்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று நான் எழுதினால் அதை நீ நம்பலாம், றோஸ்மேரி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்கு இதை எழுதுவது விருப்பமில்லை, பிள்ளை பயப்படுவான் என்றார். பிறகு தானே சொன்னார், எழுது, அவனும் ஏதாவது எழுதட்டும் என்று. ஐந்து மாதம் உனக்கு இதை மறைத்த நான் உன்னைக் கோபிக்க ஒரு நியாயமும் இல்லை. இதை வாசித்துவிட்டு நீ கூடுதலாக ஒன்றும் அனுப்பவேண்டாம், அதற்காகச் சொல்லவில்லை.

பார்சலில் பழுதானதை எல்லாம் கடலில் போட்டோம். நீ உடுக்க வைத்த சாறமும் மடுக் கோயிலில் மந்திரித்த செபமாலையும் பழுதில்லாமல் இருந்தன, உனக்கென்று வைத்திருக்கிறேன், இனி யாரிடமும் கொடுத்துவிட மாட்டேன். முதலாவது பார்சலுக்குள் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது, நான் அறியாமல் உன் தங்கை வைத்தது. அண்ணா, நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து கடல் தெரியுமா என்று ஒரு கேள்வி மட்டும். அதற்குப் பதில் வரும் என்று மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்து நின்றாளாம், பிறகு அண்ணாவுக்கு நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம். இதை எழுதும்போது தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள். மறக்காமல் முதலில் அதற்குப் பதில் எழுது. கடல் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது, யன்னல் இல்லாத அறை என்றால் அதையும் எழுது, வேலை பாரம் என்றால் பாரம் என்று எழுது, சோறு பிடிக்கவில்லை என்றால் நான் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது, ஆனாலும் எழுது, நாங்கள் மூன்று பேர் இருந்து வாசிப்போம். அங்கே இருக்க முடியவில்லை என்றால் யாரிடமும் கேட்காமல் வா. வெறுங்கையோடு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசியாதே, ஊர் வாயில் பாதி அன்ரோனெற் மாமியின் வாய், அவர் இனி உனக்குப் பக்கம்தான்.

மடு மாதா உன் தலைமாட்டில் நின்று காப்பாற்றுவாளாக. இரவில் செபமாலையில் ஒரு பத்து மணியாவது சொல்லிவிட்டுப் படு, வெய்யிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. உன் கட்டிலைத் துடைத்து யன்னல் காற்று வரும் பக்கமாகப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை மகன், நான் குனிந்து பார்த்துவிட்டேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
மார்த்தா சிங்கராசா

(அம்மா சொல்ல எழுதியது: தங்கை றோஸ்மேரி)